நாயாற்றுக் கரையில் பாடும் பங்கும்

வன்னிப் பெருநிலத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் காட்டையும் குளத்தையும் யானையையும் நெல்லையும் பற்றியே எழுதினார்கள். முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் பாதை, பெருங்களப்பு ஒன்று கடலோடு கலக்கும் வாயைப் பாலத்தால் தாண்டுகின்ற நாயாற்றைப் பற்றி அவர்கள் சொல்லியது சொற்பம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. யானை அரசனுக்குத் திறையாகும், நெல் அரசாங்கத்துக்கு வரியாகும். சோளகத்தோடு மணலில் எழுந்து வாடையோடு கலைந்துபோகும் மீன்வாடியோ எந்தப் பேரேட்டிலும் நிலைத்த இடம் பெறுவதில்லை. ஆயினும், பலரிடமிருந்து முதல் திரட்டுவது எங்ஙனம், வராத மீனின் நட்டத்தை யார் தலையில் எவ்வளவு ஏற்றுவது, புதிய கருவி ஒன்று வரும்போது பழைய உழைப்பாளியின் கதி என்ன என்பன போன்ற, இன்று முயற்சியாண்மை என்றும் புத்தாக்கம் என்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாகிவிட்ட விஷயங்களை ஏட்டுப் படிப்பின் துணையின்றி நெடுங்காலம் யோசித்து, தமக்கேற்ற தீர்வுகளையும் கண்ட மக்கள் இந்தக் கரையில் தொழில் செய்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் தலையாயது, கடலுக்குப் போகிறவனும் கரையில் நிற்கிறவனும் முதல் போட்டவனும் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடே என்பது என் துணிபு.

போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர்களிடம் எதிர்பார்த்தது யானைத் திறையையே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் வன்னியை நிருவகித்த நாகெல் என்னும் ஒல்லாந்த உத்தியோகத்தர், பாழடைந்து கிடந்த நிலத்தை மீண்டும் விளைவிக்கப் பிரயத்தனம் செய்து, தாம் கண்டவற்றை 1793 இல் ஓர் அறிக்கையாக எழுதிவைத்தார். பண்டாரவன்னியன் 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வரலாற்றை வன்னியில் அறியாதவர் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய பின் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய விரிவான கைந்நூல் 1895 இல் வெளிவந்தது. இவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. லூயிஸ் எழுதாதிருந்தால் வன்னியின் பாதிச் செய்திகள் நமக்குக் கிட்டியிரா. ஆனால் ஆட்சி செய்ய வந்தவன் ஒரு நாட்டைப் பார்த்து முதலில் கேட்பது, இந்த மண் எவ்வளவு தரும் என்பதையே. இந்த மனிதர் இதை எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்வி வேறொரு வகை ஆர்வத்திலிருந்து பிறப்பது. அந்த ஆர்வத்தோடு நாயாற்றுக் கரையை அணுகுவோமாயின், முதலில் நம் கவனத்தை ஈர்ப்பது காற்று.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும் மாதங்களில் இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளித்து, நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரைகளில் சிறுதொழில் முடங்கிப்போகும்; அதே மாதங்களில் முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைப் பக்கத்துக் கிழக்குக் கடல், தரையிலிருந்து வீசும் காற்றால் அடங்கி, வலை வளைப்பதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எழுந்துவிட்டால் நிலைமை நேர்மாறாகும். இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை முதலான வடமராட்சிக் கரைகளிலிருந்து ஒருசாராரும், நீர்கொழும்பு, சிலாபம் கரைகளிலிருந்து மற்றொருசாராரும் பருவந்தோறும் வந்து, உள்ளூர்த் தொழிலாளரோடு அயலாகவும் சில வேளைகளில் போட்டியாகவும் வாடியடித்துத் தங்குவது இந்தக் கரையின் வழக்கமாயிற்று. நீர்கொழும்பிலிருந்து வந்தோரில் பலர் வீட்டிலே தமிழும் வெளியிலே சிங்களமும் பேசிய கத்தோலிக்கர். ஆகவே நாயாற்று மணலில் இரண்டு பாஷைகளும் இரண்டு வழிபாடுகளும் ஒரே கூரைநிழலில் சந்தித்த காலமும் இருந்தது. மீன் எங்கே வரும் என்பதை அறிந்தவன் தொழிலாளி. எந்த மாதத்தில் எந்தக் கரை உயிர்பெறும் என்பதை அறிந்து, வலையையும் தோணியையும் அரிசிமூட்டையையும் ஆட்களையும் நூறு மைல் பெயர்த்துக் கொண்டுவந்து, பெயர்த்த செலவு திரும்பிவருமென்று நம்பிக் காத்திருந்தவன் தொழில் முயற்சியாளன் என்ற பெயருக்கு எல்லா வகையிலும் உரியவன்.

அவன் கொண்டுவந்த பெருஞ்சொத்து கரைவலை. கரைவலை ஒன்றைக் கடலில் இறக்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் அந்த முயற்சியின் பருமன் விளங்கும். இரு பக்கமும் நீண்டு விரியும் சிறகுகள் தும்பால் பெரிய கண்ணாகவும், நடுவில் மீன் வந்து சேரும் மடி பருத்திநூலாலோ சணலாலோ நெருங்கிய கண்ணாகவும் பின்னப்பட்டிருக்கும்; அவற்றின் இரு தலைப்பிலும் நூற்றுக்கணக்கான பாகம் நீளமுள்ள தும்புக்கயிறு கட்டவேண்டும்; இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு துடுப்பால் அலையைக் கடந்து செல்லத்தக்க அகன்ற தோணி ஒன்று வேண்டும்; தோணியில் போவதற்குச் சிலரும், கரையில் இரு அணியாக நின்று இழுப்பதற்குப் பலருமாக முப்பது நாற்பது பேர் வேண்டும். அத்தனை பேருக்கும் மீன் படாத நாட்களிலும் அடுப்பெரிய வேண்டும். இந்தப் பாரத்தைத் தன் பெயரில் தாங்கிக்கொள்பவரையே சம்மாட்டி என்று அழைத்தார்கள்.

தொழில் நடக்கும் முறையைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். விடிவதற்கு முன்னரே அநுபவசாலி ஒருவர் மணல்மேட்டில் நின்று நீரின் நிறத்தையும், அதன் மேற்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் எழும் சிறு சலனத்தையும், பறவைகள் தாழ்ந்து எழும் இடத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையசைத்தவுடன், கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுத் தோணி புறப்படும்; போகப் போகக் கயிறு இறங்கும், பின்னர் ஒரு சிறகு இறங்கும், நடுக்கடலில் மடி விழும், திரும்பும் வழியில் மற்றச் சிறகு இறங்கும்; கடைசியாக மறு கயிற்றின் தலைப்போடு தோணி தொலைவில் வேறொரு புள்ளியில் கரையேறும். அதன்பின் இரு அணியும் இழுக்கத் தொடங்கும். ஒருவர் பின்னொருவராகக் கயிற்றைப் பற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்புறமாக நடந்து, வரிசையின் கடைசிக்குப் போனவர் கையைவிட்டு மீண்டும் தண்ணீர் விளிம்புக்கு வந்து பற்றுவார். அம்பாப் பாட்டின் அடியை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொல்லும் ஓசைக்கு இசைய அந்த நடை அமையும். வயது முதிர்ந்தவர்களும் சிறுவர்களும் ஈரக்கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைப்பார்கள். மடி தரையைத் தொடுவதற்குப் பல நாழிகை ஆகும். நெருங்க நெருங்க இரு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகரும். மேலிருந்தவர் குரல் உயரும். இரண்டு பேர் கழுத்தளவு நீரில் இறங்கி மடியின் அடியைக் காலால் அமுக்கிப் பிடிப்பார்கள். உள்ளே இருப்பது சூடையா, சாளையா, கீரியா, பாரையா, அல்லது பாசியும் சொறிமுட்டையும் தானா என்பது அந்தக் கடைசி நிமிஷம் வரை எவருக்கும் தெரியாது.

மடியைக் கரையில் கொட்டிய மறுகணம் மீனைக் கூறி விற்பார்கள். வந்த பணத்திலிருந்து சாப்பாட்டுச் செலவும் பிற செலவும் கழிக்கப்படும். எஞ்சியதில் ஏறக்குறையப் பாதி வலைக்கும் தோணிக்கும் உரிய பங்காகச் சம்மாட்டிக்குப் போகும், மறுபாதி இழுத்தவர்களுக்குள் பகிரப்படும். விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை சிறிது வேறுபடலாம். ஆனால் தத்துவம் ஒன்றே. நாட்கூலி என்று ஒன்று நிர்ணயிக்கப்படவில்லை. மீன் பட்டால் எல்லோருக்கும் படும், படாவிட்டால் எல்லோருக்கும் இல்லை. மேலிருந்து கடலைப் பார்த்தவருக்கும் தோணியைச் செலுத்தியவருக்கும் அவர்கள் திறமைக்கேற்ப மேலதிகப் பங்கு உண்டு. இவ்வாறு, ஒருவரால் தாங்கமுடியாத நட்டத்தை முப்பது பேர் மேல் பரப்பி, ஒருவரால் ஈட்டமுடியாத லாபத்துக்கு முப்பது பேரின் கண்ணையும் காதையும் விழிப்போடு வைத்திருக்கச் செய்த உபாயம் அது. ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1911 இல் வெளிவந்த தமது நூலில், முயற்சியாளன் செய்யும் புதுமைகளைப் புதிய பண்டம், புதிய முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய அமைப்பு என ஐந்தாக வகுத்தார். உலகம் முதல் இரண்டையுமே புதுமை என்று கொண்டாடுகிறது. கடைசியில் நிற்கும் அமைப்பை, அதாவது மனிதரை மனிதரோடு பிணைக்கும் முறையை, எவரும் விழாவெடுத்துப் பாராட்டுவதில்லை. கரைவலையின் பங்குமுறை அந்த ஐந்தாவது வகையைச் சேர்ந்தது.

பங்கோடு சேர்த்து எண்ணவேண்டியது பாடு. கரையை நீளவாட்டில் பகுத்து, இந்த எல்லைக்குள் இந்த வலை வளைக்கலாம் என்று வரையறுத்த பகுதிக்குப் பாடு என்று பெயர். ஒரே பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வலைகள் இருந்தால் அவற்றுக்கு முறை வைத்திருந்தார்கள். ஒருவன் முறையில் மற்றவன் வலையிறக்குவது பெருங்குற்றம். பின்னாளில் கடற்றொழில் சட்டங்கள் இந்த வழக்கத்தைப் பதிவும் அனுமதிப்பத்திரமுமாக மாற்றி ஏற்றுக்கொண்டன. அலைக்கு எல்லைக்கல் நாட்ட இயலாது. ஆயினும் நேரத்துக்கும் மணலுக்கும் எல்லை வகுத்து, கடலின் பெயரால் எழக்கூடிய கலகங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிட்டார்கள்.

இன்னொரு வழக்கம் எனக்கு இவற்றைக் காட்டிலும் பிரியமானது. வலை இழுபடும்போது வழியே போகிறவர் எவரேனும் வந்து கயிற்றில் கைவைத்தால், அவர் கறிக்கென்று ஒரு கை மீன் பெறுவார். கணவனை இழந்தவள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், தொழிலுக்குப் போக வலுவற்ற முதியவர் முதலானோர் இரந்து வாங்கினோம் என்ற கூச்சமின்றி இழுத்துப் பெற்றோம் என்ற உரிமையோடு அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. தர்மத்தைத் தர்மமென்று தோன்றாமல் செய்யும் நாகரிகம் அதில் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். பருவம் தொடங்குமுன் சம்மாட்டி தொழிலாளிக்குக் கொடுக்கும் முற்பணம், குடும்பத்தைப் பசியிலிருந்து காப்பாற்றியதும் உண்மை; அந்தப் பணம் தீராமல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டு, அவனை வேறு வலைக்குப் போகவொட்டாமல் கட்டிப்போட்டதும் உண்மை. சம்மாட்டியோ தன் பங்குக்குப் பட்டினத்து மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருப்பார். மீனை அந்த முதலாளிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டியிருக்கும். ஆக, கடலில் உண்டான லாபத்தின் கணிசமான பகுதி கடலைக் காணாதவர் கைக்குப் போயிற்று. பங்குமுறை கரைக்குள்ளே நியாயமாக இருந்தபோதும், கரைக்கு வெளியே சந்தையிலும் கடனிலும் அதற்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் எதிர்த்து நிற்க முயன்றது இந்த இடத்தில்தான்.

விலையை முதலாளி நிர்ணயித்ததற்கு மீனின் சுபாவமும் ஒரு காரணம், அது காத்திருக்காது. நல்ல பாதையும் பனிக்கட்டியும் வருமுன் நாயாற்றில் பட்ட மீனில் மிகுதி கருவாடாயிற்று. வயிற்றைக் கீறி, உப்பிட்டு, இரவு ஊறவைத்து, கடல்நீரில் அலசி, மணலில் பரப்பிய ஓலைமீது வெயிலில் காயப்போட்டு, பொழுது சாய மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துப் புரட்டிய வேலையில் பெண்களின் பங்கு பெரிது. கணக்கில் அது அபூர்வமாகவே ஏறியது. மேற்குக் கரையிலிருந்து வந்தவர்கள் கொறுக்காய்ப் புளியும் உப்பும் சேர்த்து மீனைப் பீப்பாவில் அடுக்கிவைக்கும் சாடி என்னும் பக்குவத்தையும் கையாண்டார்கள். வெயிலே இல்லாத நாளிலும் மீனைக் காக்கும் வித்தை அது. கடல்வழியே திருகோணமலைக்கும் பருத்தித்துறைக்கும், தரைவழியே ஒட்டுசுட்டானைத் தாண்டி மாங்குளத்துக்கும் சரக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்து ரயில்பாதை 1905 இல் முற்றுப்பெற்ற பின் மாங்குளம் புகையிரத நிலையம் இந்தக் கரைக்கு உலகத்தின் வாசலாக அமைந்தது. பிற்பாடு பனிக்கட்டிப் பெட்டிகளோடு லொறிகள் மணல்வரை வரத் தொடங்கியதும், பச்சைமீன் கொழும்புக்குப் போகலாயிற்று. மீனின் விலை உயர்ந்தது, கருவாட்டுப் பெண்ணின் வேலை குறைந்தது. ஒரே புதுமை ஒரு வாடியில் விளக்கேற்றி அடுத்த வாடியில் அடுப்பணைத்தது.

இதே நிலை நைலோன் வந்தபோதும் நேர்ந்தது. பருத்தி வலை உப்புநீரில் விரைவில் உளுத்துப்போகும். அதைத் தடுக்க மரப்பட்டையை அவித்த சாற்றில் அடிக்கடி தோய்த்து உலர்த்தவேண்டும். வாடிக்குப் பக்கத்தில் பட்டைச்சாயம் கொதிக்கும் பெரிய கொப்பரையும், செந்நிறம் ஏறி மணலில் விரிந்து கிடக்கும் வலையும் அக்காலத்துக் கரையின் நித்தியக் காட்சிகள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நைலோன் நூல் பரவியபின் கொப்பரை அணைந்தது. வலை மெலிந்தது, வலுத்தது, பல ஆண்டு உழைத்தது. தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குப் புலப்படாத நூல் என்பதால் மீன்பாடும் கூடியது. அதற்கு ஈடாக, கையால் திரித்த நூலுக்கும் காட்டில் உரித்த பட்டைக்கும் கொடுத்த காசு, இப்போது கடையில் நூல் விற்பவரிடம் போயிற்று. உழைப்பைப் பணமாக மாற்றிக்கொள்ள முடிந்தவனுக்கு நைலோன் வரப்பிரசாதம். உழைப்பைத் தவிர வேறு முதல் இல்லாதவனுக்கு அது புதியதொரு கடன்.

அரசாங்கமும் அக்காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1957 இல் நாயாற்றுக்குத் தெற்கே புல்மோட்டையின் கரிய மணலிலிருந்து இல்மனைற்று எடுப்பதற்கென்று கனியமணல் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது போலவே, கடற்றொழிலை நவீனமாக்குவதற்கு மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணை முறையில் வழங்கத் தொடங்கிற்று. அவை நல்ல படகுகள். ஆனால் அவற்றுக்குத் துறைமுகம் வேண்டும். அலையை நேரே எதிர்கொண்டு மணலில் ஏறி இறங்கவேண்டிய நாயாறு போன்ற திறந்த கரைக்கு அவை பொருந்தவில்லை. கருவி நல்லதாயிருப்பது போதாது, அது நிற்கப்போகும் இடத்தின் சுபாவத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்பதை ஒருவர் செயலில் காட்டினார்.

யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் நோர்வேயைச் சென்றடைந்தவர்; அந்நாட்டில் கால்வைத்த முதல் தமிழர் என்று இன்றும் அங்குள்ளோர் நினைவுகூர்வது அவரையே. கடற்றொழிலில் பேர்பெற்ற ஒரு தேசத்தில் தொழிலைக் கற்ற அவர், கற்றதைத் தன் ஊருக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்ற வேட்கையால் நோர்வேஜிய நண்பர்களைத் திரட்டினார். பத்திரிகையாளர் ஆர்ன பியொர்தொவ்த் அவர்களுள் முக்கியமானவர். அந்த முயற்சியின் பயனாக 1967 இல் காரைநகரில் உருவான நிறுவனத்தையே நம்மவர்கள் சீநோர் என்று சொல்வார்கள். கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு அங்கே வார்த்த படகுகள் மரத்தோணியைப் போல் ஊறிப் பாரமாவதில்லை, புழு அரிப்பதில்லை, நாலைந்து பேர் தூக்கி மணலில் வைத்துவிடலாம். பின்புறத்தில் மாட்டிய எஞ்சினோடு இரண்டு மூன்று பேர் தொலைவுக்குப் போய் வலைவிட்டு வரலாம். ராஜேந்திரத்தின் அருமை, அவர் புதிய பொருளைக் கொண்டுவந்தார் என்பதோடு முடிந்துவிடவில்லை. மீனவர் மத்தியில் பிறந்து, அவர்களுடைய இடுப்புவலியையும் கடன்சுமையையும் அறிந்து, அந்த அறிவிலிருந்து என்ன வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர். ஊர் இளைஞர்களை நோர்வேக்கு வரவழைத்துப் பயிற்சிபெறச் செய்ததில் அவருடைய நோக்கு தொழிலைவிடப் பெரியதாகவும் விரிந்தது. சீநோர் பின்னர் அரசாங்கத்தின் கைக்கு மாறியது, யுத்தத்தில் காரைநகர்த் தளம் சிதைவுற்றது. ஆயினும் அந்த வகைப் படகு கிழக்குக் கரை முழுவதும் பரவி, நாயாற்றிலும் இன்று காணும் தோணிகளில் மிகுதியான இடத்தைப் பிடித்துவிட்டது.

அந்தப் படகு பங்கின் உருவத்தை மாற்றியது. முப்பது பேர் சேர்ந்து இழுத்த இடத்தில் மூவர் போதும் என்றானபோது, சம்மாட்டியின் கீழ் நின்ற வாலிபன் கடன்பட்டேனும் சொந்தப் படகுக்காரன் ஆகலாயினான். இது பெரிய விடுதலை. ஆனால் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியபோது, கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சூதாட்டமாயிற்று. துடுப்பாலும் கையாலும் நடக்கும் கரைவலைக்கு அந்த விலையேற்றம் நேரடியாக எட்டவில்லை. பழைய முறை எதையும் முழுதாகப் புதைத்துவிடாமல் வைத்திருக்கும் சமூகத்துக்குக் கஷ்டகாலத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

ஏற்பாடு எப்போதும் தன்னைத்தானே காத்துக்கொள்ளுமென்று எண்ணிவிடவும் கூடாது. தென்னிலங்கையில் தங்காலைக்கு அருகிலுள்ள மாவெல்ல என்னும் கரைவலைக் கிராமத்தை போல் அலெக்சாந்தர் என்ற மானிடவியலாளர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். ஏறத்தாழ 20 வலைகளே போதுமான அந்தக் கரையில் ஏறத்தாழ 100 வலைகள் முறைக்குக் காத்திருந்தன. பாதையும் பனிக்கட்டியும் வந்து மீன்விலை உயர்ந்ததும், ஒவ்வொருவரும் புதிய வலையில் பங்கு வாங்கினார்கள். வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏட்டில் இருந்தது, நடைமுறையில் உள்ளூர்ச் செல்வாக்கு அதை வென்றது. பொதுவளங்களை மக்களே ஆளும் விதங்களை ஆராய்ந்து 2009 இல் நோபல் பரிசு பெற்ற எலினர் ஒஸ்ற்றம், 1990 இல் எழுதிய நூலில், தோல்வியுற்ற ஏற்பாடுகளுக்கு உதாரணமாக மாவெல்லயை எடுத்துக்காட்டினார். முறை வைத்திருப்பது ஒன்று, முறைக்குள் எத்தனை பேரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் முறையில் நிற்பவர்களிடமே இருப்பது மற்றொன்று. நாயாற்றில் எழுந்த பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியையே சுற்றி நின்றன: எத்தனை வாடி, எத்தனை படகு, யார் கொடுத்த அனுமதி, யாரைக் கேட்டுக் கொடுத்த அனுமதி.

அந்தக் கேள்விக்கு அமைதியான முறையில் விடைகாண இந்தக் கரைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தம் ஊர்களைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் படிப்படியாகத் திரும்பியபோது, வலையும் இல்லை, தோணியும் இல்லை, பாட்டின் எல்லையை அறிந்த மூத்தவர்களில் பலரும் இல்லை. தென்பகுதியிலிருந்து பருவத்துக்கு வருவோரின் வாடிகள் அனுமதிக்கப்பட்ட தொகையை மிஞ்சிப் பெருகின என்ற முறைப்பாடு ஆண்டுதோறும் எழுந்தது. 2018 ஆகஸ்டில் ஓரிரவு நாயாற்றில் தமிழ்த் தொழிலாளரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்து சாம்பலாயின. ஒரு வாடி எரிவது வெளியாருக்கு ஓலைக்குடில் எரிவதாகத் தோன்றலாம். அதற்குள் ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகச் சேர்த்த முதலும், அந்த முதலை நம்பி வாங்கிய கடனும் இருந்தன.

களப்பின் கதையையும் சொல்லவேண்டும். கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிட, உள்ளே நீர் குறுகும். மாரியில் வன்னிக் காட்டின் ஓடைகள் நிறைந்து வந்து திட்டை உடைக்கும். கடலில் பிறந்த இறாற்குஞ்சு உள்ளே புகுந்து வளர்ந்து, வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில்தான் வீச்சுவலைக்காரனுக்கு வருஷத்தின் பிரதான வருமானம். வாய் எப்போது திறக்கவேண்டும் என்பதில் வயல்காரனும் வலைக்காரனும் வேறுவேறு நாட்காட்டி வைத்திருப்பார்கள். வயலில் வெள்ளம் ஏறுமுன் வெட்டு என்பான் ஒருவன், இறால் பருக்கட்டும் என்பான் மற்றவன். 2017 இல் நந்திக்கடலோடு நாயாற்றையும் அரசாங்கம் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்தது. பறவைக்கும் கண்டலுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது; ஆனால் தலைமுறைகளாகக் களப்பின் வாயைக் கவனித்து வந்தவர்களுடைய அறிவு, அந்த ஒதுக்கத்தை நிருவகிக்கும் மேசையில் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அண்மைக் காலத்தில் வடகிழக்குக் கரைகளில் மூண்டிருக்கும் விவாதம் உழவு இயந்திரத்தைப் பற்றியது. உழவு இயந்திரத்தில் சுழலும் உருளை ஒன்றைப் பொருத்தி அதனால் கரைவலையை இழுக்கும் முறை பரவி, அதற்கு எதிராகத் தொழிலாளர் போராட்டங்களும் தடைகளும் எழுந்திருக்கின்றன. இழுக்க ஆள் கிடைப்பதில்லை, இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், முதுகெலும்பு முறிய இழுப்பது யாருக்கு வேண்டும் என்று ஒரு தரப்பார் கேட்கிறார்கள், அதில் உண்மையுண்டு. இயந்திரம் மடியை அடித்தரையோடு சேர்த்து இழுப்பதால் கடலடியும் குஞ்சுமீனும் கெடுகின்றன, முப்பது பங்கு மூன்று பங்காகிவிட்டது என்று மறுதரப்பார் சொல்கிறார்கள். அதில் அதைவிட உண்மையுண்டு. கயிற்றில் கைவைக்க இடமில்லாத இடத்தில் கறிமீனும் இல்லை. உருளையை வைத்துக்கொண்டே, பாடு ஒன்றுக்கு இத்தனை இழுப்பு, இழுத்த மீனில் இத்தனை பங்கு ஊரவருக்கு என்று சங்கம் வகுத்துக்கொள்ள முடியாதா என்று யோசிப்பதே இப்போது செய்யவேண்டிய வேலை. அப்படியொரு வகுப்பைச் செய்யும் கரை, புதிய எஞ்சினைக் கண்டுபிடித்தவனுக்குச் சற்றும் குறையாத புதுமையைச் செய்ததாகும்.

வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, அதன் வணிகக் கற்கைகள் பீடத்தில் வன்னியின் பிள்ளைகள் முயற்சியாண்மையைப் பாடமாகப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் கார்க்கொட்டகையில் தொடங்கிய கம்பனிகளின் கதைகளை அவர்கள் படிக்கட்டும். அதோடு சோளகப் பருவத்தில் இரண்டு வாரம் நாயாற்றுக்கும் அனுப்பப்படட்டும். சம்மாட்டிமார் பலர் பள்ளிக்கூடக் கொப்பியில் கணக்கு வைத்திருப்பார்கள்: முற்பணம் வாங்கியவர், வாங்கிய திகதி, வளைப்பு, விற்ற விலை, கழித்த செலவு, பிரித்த பங்கு என்று பென்சிலில் நிரல்நிரலாக. அந்தக் கொப்பிகளைச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு படியெடுத்து, எந்த ஆண்டில் கயிறு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, தொழிலாளிக்கு எவ்வளவு என்று நிறுத்திப் பார்ப்பதும், கருவாடு காயவைக்கும் பெண்களின் உழைப்புக்கென்று அதில் விடுபட்ட நிரலை அவர்களிடமே கேட்டு நிரப்புவதும், முதலாம் ஆண்டு மாணவரால் செய்யக்கூடிய வேலைகள். அடுத்த சோளகத்துக்கே அதைத் தொடங்கலாம்.